முதல் ஒயிட்வாட்டர் கனூவைப் பழையதாக வாங்குவோருக்கு

ஒயிட்வாட்டர் எனப்படும், பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் ஆற்றில் தனியாளாக முழங்காலிட்டு, ஒற்றைத் துடுப்பால் செலுத்தும் கனூவை முதன்முதலாகச் சொந்தமாக்கிக்கொள்ள விரும்புபவர் பெரும்பாலும் பிறர் பயன்படுத்திய படகையே வாங்குகிறார். இதற்குப் பணம் மட்டும் காரணமன்று. இவ்வகைப் படகுகளைச் செய்யும் நிறுவனங்கள் மிகச் சிலவே. கற்றுக்கொள்பவருக்குப் பொருத்தமான வடிவங்களில் பல 1990களில் வெளிவந்து, பின்னர் உற்பத்தி நின்றுபோனவை. ஆகவே புதிய படகு வாங்கும் வசதி உள்ளவரும் பழைய படகுகளின் பக்கம் வர நேர்கிறது.

அப்படிப் பார்க்க வருகிற புதியவர் முதலில் படகைக் கவிழ்த்து அடிப்பகுதியில் உள்ள கீறல்களை எண்ணத் தொடங்குகிறார். கீறல் குறைவாக இருந்தால் நல்ல படகு என்றும், நிறைய இருந்தால் உழைத்து ஓய்ந்த படகு என்றும் முடிவு செய்துவிடுகிறார். நானும் அப்படித்தான் செய்தேன். கண்ணாடி போலப் பளபளத்த ஒரு படகை வாங்கி வந்து, அதில் 15 நிமிடங்களுக்கு மேல் என்னால் முழங்காலிட்டிருக்க முடியாது என்பதை ஆற்றின் நடுவில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பழைய படகில் கீறல் இல்லாமலிருந்தால் அது ஏன் ஆற்றில் ஓடவில்லை என்று கேட்டிருக்க வேண்டும்; எனக்கு அப்போது அந்தக் கேள்வி தோன்றவில்லை.

எனவே ஒரு படகில் காணும் ஒவ்வொரு குறையையும் மாற்றக்கூடியது, மாற்ற முடியாதது என்று பிரித்துப் பார்ப்பதே இந்தத் தேர்வின் முதல் வேலை. படகின் வடிவம், அதன் கொள்ளளவு, அது செய்யப்பட்ட பொருளின் முதுமை ஆகிய மூன்றையும் எவராலும் மாற்ற முடியாது. இருக்கை, பட்டைகள், காற்றுப்பைகள், விளிம்புச் சட்டம் ஆகியவற்றை, உழைப்பும் கொஞ்சம் பசையும் இருந்தால், மாற்றிவிடலாம். மேலோட்டமான கீறலை மாற்றவே தேவையில்லை.

எந்த ஆற்றுக்கு இந்தப் படகு

ஆறுகளின் கடினத்தைப் பன்னாட்டு அளவுகோல் 1 முதல் 6 வரை வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பு சிற்றலைகளுடன் விரைந்து ஓடும் நீர். இரண்டாம் வகுப்பில் வழி அகலமாகவும் கண்ணுக்குத் தெளிவாகவும் இருக்கும். பாறைகளை எளிதாக விலக்கிச் செல்லலாம். மூன்றாம் வகுப்பில் அலைகள் ஒழுங்கற்றவை, வழி குறுகியது, திருப்பங்களைத் துல்லியமாகச் செய்ய வேண்டும். அதற்கு மேலுள்ளவை இந்தக் கட்டுரையைப் படிப்பவருக்கு இப்போதைக்குத் தேவையில்லை. அடிப்படை வகுப்பு ஒன்றில் பயின்று, சில முறை இரவல் படகில் ஆற்றில் இறங்கியவரை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன். அவர் அடுத்த இரண்டு ஆண்டுகளில் செலவிடப் போகும் நேரத்தில் பெரும்பங்கு 1, 2 வகுப்பு நீரில்தான் கழியும். படகை அந்த நீருக்காகவே தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு தாண்டப் போவதாகக் கற்பனை செய்யும் அருவிக்காக இன்றே படகு வாங்குபவர் அந்த அருவியை எட்டுவதற்குள் சலித்துப் போய்விடுவார்.

வடிவம்

தனியாள் ஒயிட்வாட்டர் கனூக்களைப் பரும்படியாக இரண்டு தலைமுறைகளாகப் பார்க்கலாம். பழைய தலைமுறைப் படகுகள் 11 முதல் 13 அடி வரை நீளமுள்ளவை. அவற்றுக்கும் முந்தியவை இன்னும் நீளமானவை. புதிய தலைமுறைப் படகுகள் 9 அடி அளவிலேயே முடிந்துவிடும். குட்டைப் படகு நினைத்த கணத்தில் திரும்பும், இடுக்குகளில் நுழையும், பார்ப்பதற்கும் துடிப்பாக இருக்கும். ஆனால் அது திரும்ப வேண்டாத கணத்திலும் திரும்பும் என்பதே கற்பவருக்குச் சிக்கல். கனூவில் ஒரு பக்கத்தில் மட்டுமே துடுப்பு போடுகிறோம். ஒவ்வொரு இழுப்பும் படகின் மூக்கை எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளுகிறது. இழுப்பின் முடிவில் துடுப்பை வெளிப்புறமாகத் திருப்பி அந்தத் தள்ளலைச் சரிசெய்ய வேண்டும். ஜே வீச்சு எனப்படும் இந்த அசைவு கைவரச் சில மாதங்கள் ஆகும். 12 அடிப் படகு அந்தச் சில மாதங்களில் நம் பிழைகளை மெதுவாகக் காட்டும். 9 அடிப் படகு ஒரே பிழையில் முழு வட்டம் சுற்றி நிற்கும்.

இன்னொரு கோடியில், 14 அடிக்கு மேற்பட்ட படகுகள் நேராக ஓடும் என்றாலும், பாறையின் மறைவில் நீர் பின்னோக்கித் திரும்பி அடங்கும் சிறு இடங்களுக்குள் அவற்றைத் திருப்பி நுழைப்பது கடினம். ஆற்றில் நாம் நின்று மூச்சு வாங்குவதும், அடுத்த பகுதியைப் பார்த்து முடிவெடுப்பதும் அந்த மறைவுகளில்தான்; அங்கே நுழைய முடியாத படகில் கற்றுக்கொள்வது பிரேக் இல்லாத வண்டியில் ஓட்டப் பழகுவதற்குச் சமம். என் கணிப்பில், பெரும்பாலான புதியவர்களுக்கு 11½ முதல் 13 அடி வரை உள்ள படகே ஏற்றது. மேட் ரிவர் நிறுவனத்தின் அவுட்ரேஜ், மொஹாக் நிறுவனத்தின் புரோப் போன்ற பெயர்கள் பழைய படகு விளம்பரங்களில் அடிக்கடி தென்படுவது இந்த அளவுக்குள்தான். குட்டைப் படகுகளிலும் விதிவிலக்கு உண்டு. எஸ்கிஃப் நிறுவனத்தின் எல்எட்ஜ் 9 அடியை ஒட்டிய படகு. ஆனால் அகலமானது என்பதால் எளிதில் கவிழாது. நேராக ஓட்டும் பயிற்சிக்கு அதில் கூடுதல் பொறுமை வேண்டும், அவ்வளவே.

நீளத்துக்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது அடிவளைவு. படகின் முன்முனையான அணியமும் பின்முனையான அமரமும் நடுப்பகுதியைவிட எவ்வளவு மேலே எழுந்து நிற்கின்றன என்பதே இது. படகோட்டிகள் ராக்கர் என்பார்கள். சமமான தரையில் படகை வைத்து, இரு முனைகளிலும் தரைக்கும் அடிக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்தால் போதும். வளைவு கூடக்கூடப் படகு எளிதாகத் திரும்பும், அலைமேல் ஏறும், ஆனால் நேர்கோட்டைப் பிடிக்காது. இந்த அளவீடு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். நடுப்பகுதி தரையைத் தொடாமல் உள்நோக்கி வளைந்திருந்தால், அந்தப் படகு நெடுங்காலம் தவறான தாங்கிகளின் மேல் கிடந்து உருக்குலைந்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, அடிப்பகுதியும் பக்கச்சுவரும் சேரும் மூலை. இது மடித்த அட்டைப் பெட்டியைப் போலக் கூர்மையாக இருந்தால் படகைச் சாய்த்ததும் அந்த விளிம்பு நீரைக் கத்தியைப் போலப் பற்றிக்கொள்ளும். தேர்ந்தவர் அதைக்கொண்டு அழகான வில்வளைவுத் திருப்பங்கள் செய்வார். ஆனால் பக்கவாட்டிலிருந்து வரும் நீரோட்டமும் அதே விளிம்பைப் பற்றும். ஆற்றின் மேல்பக்கம் நோக்கிய விளிம்பு ஒரு கணம் தாழ்ந்தாலும் படகு எச்சரிக்கையின்றிப் புரண்டுவிடும். மூலை உருண்டையாக இருந்தால் படகு சாயும், தயங்கும், நமக்குச் சுதாரித்துக்கொள்ள நேரம் தரும். டாகர் நிறுவனத்தின் ஓகோயி என்ற 11 அடிப் படகு கூர்மூலை வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1996 ஒலிம்பிக்கின், தொங்கும் கம்பங்களுக்கிடையே வளைந்தோடும் ஒயிட்வாட்டர் ஸ்லாலம் போட்டிகள் நடந்த டென்னசி மாநிலத்து ஆற்றின் பெயர்தான் அதற்கு. இன்றும் பலர் அதை விட்டுக்கொடுக்க மனமின்றி வைத்திருக்கிறார்கள். ஆயினும் முதல் படகாக அதை வாங்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒரு பருவம் கழித்து வாங்குபவர் கொண்டாடுவார்.

கொள்ளளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 90 கிலோவைத் தாண்டியவர் தாழ்வான, ஒடுக்கமான படகில் அமர்ந்தால் ஒவ்வோர் அலையும் உள்ளே வரும். நீர் நிறைந்த படகை ஓட்டுவதே அவருடைய பயிற்சியாகிவிடும். மெலிந்த, உயரம் குறைந்தவர் அகலமான படகில் அமர்ந்தால் துடுப்பு நீரை எட்டுவதற்கே உடலை வளைக்க வேண்டியிருக்கும். முழங்காலிட்டு, முதுகை நிமிர்த்தி, இரு கைகளையும் ஒரே பக்கத்து விளிம்புக்கு வெளியே கொண்டுசென்று பாருங்கள். எளிதாகப் போனால் அகலம் உங்களுக்கானது.

பொருளும் அதன் வயதும்

பழைய படகுகளில் மிகுதியானவை ராயலெக்ஸ் என்ற பொருளால் ஆனவை. நடுவே ஏபிஎஸ் நெகிழியின் நுரை, அதன் இருபுறமும் திண்மையான ஏபிஎஸ் தகடு, அதற்கும் வெளியே நிறம் கொண்ட மெல்லிய வினைல் தோல் என்று அடுக்கடுக்காக அமைந்தது அது. பாறையில் மோதினால் உள்வாங்கி மீளும், எடையும் குறைவு. 2013இல் அந்தத் தொழிலைக் கைக்கொண்ட பாலிஒன் நிறுவனம் உற்பத்தியை நிறுத்த முடிவு செய்தது. 2014க்குப் பிறகு புதிய ராயலெக்ஸ் தகடுகள் வரவில்லை. எஸ்கிஃப் நிறுவனம் அதற்கு மாற்றாக டி-ஃபார்மெக்ஸ் என்பதை உருவாக்கியது. ஆகவே நீங்கள் பார்க்கும் ராயலெக்ஸ் படகு எதுவாயினும் அதற்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும்; பலவற்றுக்கு முப்பது ஆகியிருக்கும். வயது கூடியதாலேயே படகு கெட்டுவிடுவதில்லை. நிழலில் கிடந்த முப்பது வயதுப் படகு வெயிலில் கிடந்த பன்னிரண்டு வயதுப் படகைவிட நன்றாக இருக்கும்.

சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் முதலில் வினைல் தோலைத் தின்கின்றன. விரலால் தேய்த்தால் சுண்ணாம்புபோல் தூள் ஒட்டினால் தோல் நலிந்துவிட்டது. தோல் போன இடத்தில் ஏபிஎஸ் நேரடியாக வெயிலைப் பார்க்கிறது. ஏபிஎஸ் வெயிலில் நெகிழ்வை இழந்து உடையும் தன்மை பெறுகிறது. இதைச் சோதிக்க, படகின் பக்கச்சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தள்ளுங்கள். நல்ல ராயலெக்ஸ் ஓசையின்றி வளைந்து மீளும். நொறுங்குவதுபோல் மெல்லிய ஓசை கேட்டாலோ, அழுத்திய இடத்தில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ விலை எவ்வளவு குறைவானாலும் அந்தப் படகை விட்டுவிடுங்கள். இது மாற்ற முடியாத குறை.

அடிப்பகுதிக் கீறல்களைப் பார்க்கும்போது எந்த அடுக்குவரை கீறல் இறங்கியிருக்கிறது என்பதே கேள்வி. நிறத்தோல் மட்டும் கிழிந்து உள்ளே வேறு நிறத் தகடு தெரிந்தால் அது தழும்பு, கவலை வேண்டாம். தகடும் தேய்ந்து நுரை தெரிந்தால், எபாக்சிப் பிசினும் கண்ணாடியிழைத் துணியும் கொண்டு ஒட்டுப்போட வேண்டும். செய்யக்கூடிய வேலைதான், ஆனால் அதை விலையில் கழிக்க வேண்டும். தேய்மானம் முதலில் தோன்றுவது இரு முனைகளின் அடியிலும், இருக்கைக்கு நேர் கீழேயும் ஆகும். முனைகளில் கெவ்லார் என்ற வலிய இழையால் ஆன பட்டை ஒட்டியிருந்தால் அது காப்புக்காகவும் இருக்கலாம், ஓட்டையை மறைக்கவும் இருக்கலாம். உள்ளே கைவிட்டு அதே இடத்தைத் தடவிப் பாருங்கள். பின்பு கட்டைவிரலால் அடிப்பகுதி முழுவதையும் ஒரு சாண் இடைவெளியில் அழுத்திக்கொண்டே செல்லுங்கள். ஓரிடம் மட்டும் மெத்தென்று அமுங்கினால் அங்கே நுரையும் தகடும் பிரிந்துவிட்டன. சிறிய பள்ளங்கள் வேறு. மிதமான வெப்பத்தில் அவை தாமாகவே பெரும்பாலும் எழும்பிவிடும்.

குளிர் மிகுந்த நாடுகளில் ஓடிய படகு என்றால், விளிம்பில் மரச்சட்டம் பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள். கடுங்குளிரில் நெகிழி சுருங்குகிறது. மரம் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. இரண்டையும் பிணைத்திருக்கும் திருகாணிகளிலிருந்து வெடிப்புகள் கீழ்நோக்கி ஓடுகின்றன. விவரம் அறிந்த உரிமையாளர் பனிக்காலத்துக்கு முன் திருகாணிகளைத் தளர்த்திவைப்பார். இதை அவரிடம் கேளுங்கள். அவர் விழித்தால் விளிம்பைச் சுற்றிலும் இரண்டு முறை பாருங்கள். மரச்சட்டத்தின் முனைகளில், படகின் முனையை மேலிருந்து மூடும் சிறு பலகைக்குக் கீழே, ஒரு சிறிய ஊசியால் குத்திப் பார்ப்பது நல்லது. ஊசி எளிதாக இறங்கினால் மரம் இற்றுவிட்டது. சட்டத்தை மாற்றலாம் என்றாலும் அது ஒரு வார இறுதியில் முடிகிற வேலை அன்று.

அலுமினியச் சட்டத்திலும் வினைல் சட்டத்திலும் பார்க்க வேண்டியது மடிப்பு. பாறையில் சுற்றி மடங்கிய ராயலெக்ஸ் படகு வியக்கத்தக்க அளவில் மீண்டும் நிமிர்ந்துவிடும். ஆனால் பக்கச்சுவரில் குறுக்காக ஒரு மடிப்புத் தழும்பு நிற்கும். பழைய உடலில் புத்தம்புதுச் சட்டம் மட்டும் பொருத்தியிருந்தால் அந்தத் தழும்பைத் தேடுங்கள். தழும்பு இருந்து, அங்கே வெடிப்பு இல்லையென்றால் எளிய ஆறுகளுக்கு அந்தப் படகு இன்னும் உழைக்கும். விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

புதிய குட்டைப் படகுகள் பலவும் பாலிஎதிலீனால் ஆனவை. அடிக்கு அஞ்சாத பொருள். கீறலைப் பொருட்படுத்தவே தேவையில்லை. ஆனால் கனமானது, அதில் பசை எளிதில் ஒட்டாது. வெடித்துவிட்டால் நெகிழிக் கம்பியை உருக்கிப் பற்றவைக்க வேண்டும். அதிலும் குறுக்குப்பிணைப்புச் செய்த பாலிஎதிலீன் வகையைப் பற்றவைக்கவே முடியாது. ஆகவே திருகாணித் துளைகளைச் சுற்றியும் இருக்கையின் அடியிலும் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே இங்கே முதன்மையான சோதனை. கண்ணாடியிழை, கெவ்லார் ஆகியவற்றால் ஆன மெல்லிய போட்டிப் படகுகள் மலிவாகக் கிடைத்தாலும், பாறையோடு அடிக்கடி உரசப் போகிறவருக்கு அவை ஏற்றவை அல்ல.

உள்ளமைப்பு

படகின் உள்ளே பொருத்தப்பட்ட அனைத்தையும் சேர்த்து உள்ளமைப்பு என்கிறேன். நுரையால் செய்து நடுவில் ஒட்டப்பட்ட சேணம் போன்ற இருக்கை, முழங்கால் மெத்தைகள், தொடைகளைப் படகோடு பிணைக்கும் பட்டைகள், பாதத் தாங்கிகள், இரு முனைகளையும் அடைத்து நிற்கும் காற்றுப்பைகள், அவற்றைப் பிடித்துவைக்கும் கயிற்று வலை, முனைகளில் கட்டிய கயிறுகள் ஆகியவை இதில் அடங்கும். இவை அனைத்தும் மாற்றக்கூடியவை என்று மேலே சொன்னேன். மாற்றக்கூடியவை என்பதற்காக மலிவானவை என்று எண்ணிவிட வேண்டாம். வெறும் உடலை வாங்கி எல்லாவற்றையும் புதிதாகப் பொருத்தினால், பழைய படகின் விலையில் பாதியோ அதற்கு மேலுமோ அதற்கே போய்விடக்கூடும். இருவேறு படகுகள் வடிவத்திலும் நிலையிலும் ஏறத்தாழ ஒன்றானால், நல்ல உள்ளமைப்புள்ளதையே எடுங்கள்.

சோதிக்க ஒரே வழி முழங்காலிட்டுப் பார்ப்பது. ஆற்றுக்கு அணியும் அதே காலணியோடு போங்கள். விற்பவரோடு பேசிக்கொண்டே அரைமணி நேரம் படகில் முழங்காலிட்டிருங்கள். அவர் விசித்திரமாகப் பார்த்தால் பார்க்கட்டும். முதல் ஐந்து நிமிடங்களில் எல்லாப் படகும் வசதியாகவே இருக்கும். இருபதாவது நிமிடத்தில் கணுக்கால் மரத்துப்போகிறதா, முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறதா என்பதுதான் செய்தி. சேணத்தின் உயரம் பொதுவாக 8 முதல் 10 அங்குலம் வரை இருக்கும். உயரம் கூடினால் முழங்காலுக்கு ஆறுதல், நிலைப்புக்குக் குறைவு. உயரம் குறைந்தால் இதற்கு நேர்மாறு. உயரமான சேணத்தை ரம்பத்தால் சீவிக் குறைப்பது எளிது, தாழ்வானதன் மேல் நுரை அடுக்கி உயர்த்துவது சற்றுத் தொல்லை. ஆகையால் ஐயம் இருந்தால் உயரமான சேணம் உள்ள படகின் பக்கமே சாயலாம்.

இங்கே வசதியைவிட முதன்மையான ஒன்று இருக்கிறது. படகு கவிழ்ந்தால் நீங்கள் வெளியே வர வேண்டும். பட்டைகளை இறுக்கிக்கொண்ட பின், ஒரே கையால், பார்க்காமல், இழுத்த இழுப்பில் அவை விடுபடுகின்றனவா என்று பத்து முறை செய்து பாருங்கள். காலணியணிந்த பாதம் சேணத்துக்கும் படகுக்கும் இடையிலோ, பாதத் தாங்கியின் கீழோ சிக்குகிறதா என்று பாருங்கள். முன்னைய உரிமையாளர் தம் கைவண்ணத்தால் கூடுதல் கொக்கிகளும் இடுப்புப் பட்டையும் சேர்த்திருந்தால், எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அவற்றை அகற்றிவிட்டு எளிய தொடைப்பட்டையோடு தொடங்குங்கள். இதில் பேரத்துக்கு இடமில்லை.

பட்டைகள் படகில் ஒட்டப்பட்ட டி வளையங்களில் மாட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு வளையத்தையும் உடல் எடையோடு சாய்வாக இழுத்துப் பாருங்கள். ஆற்றில் கழன்றுகொள்வதைவிட அங்கேயே கழன்றுகொள்வது நல்லது. கழன்றால் மீண்டும் ஒட்டிவிடலாம். ராயலெக்ஸில் அதற்கு வினைலுக்கான பசை வேண்டும். ஒட்டுவதற்கு முன் பரப்பைத் துடைக்க அசிட்டோனை எடுத்துவிடாதீர்கள்; அது ஏபிஎஸ்ஸையே கரைத்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். சேணத்தின் நுரையை அழுத்தும்போது நீர் கசிந்தால் அந்த நுரை நீரைக் குடித்துவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும்.

காற்றுப்பைகளைப் பலர் கூடுதல் வசதி என்று நினைக்கிறார்கள். ஒயிட்வாட்டரில் அவை கட்டாயம். பைகள் இல்லாத 12 அடிப் படகு கவிழ்ந்தால் அதில் சில நூறு லிட்டர் நீர் புகும். லிட்டருக்கு ஒரு கிலோ என்று கணக்கிட்டால், ஆற்றோடு உருண்டு வருவது ஒரு சிறிய காரின் எடையில் பாதி. அது பாறையில் போய் அமர்ந்தால் நீரோட்டம் அதை அப்படியே அழுத்திப் பிடிக்கும். நீரின் வேகம் இரு மடங்கானால் அந்த அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், சாதுவாகத் தெரியும் ஓட்டமும் படகைப் பாறையைச் சுற்றி மடித்துவிடும். எனவே பைகளை முழுக்க ஊதி, ஓர் இரவு விட்டுவைத்து, மறுநாள் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்க்க விற்பவரைக் கேளுங்கள். முடியாவிட்டால் பேசிக்கொண்டிருக்கும் அந்த அரைமணி நேரமாவது ஊதியபடி இருக்கட்டும். பையைப் பிடித்திருக்கும் கயிற்று வலை தளர்ந்திருந்தால் நீர் புகும்போது பை மிதந்து வெளியே வந்துவிடும். அப்போது பை இருந்தும் பயனில்லை.

படகின் உள்ளே மின்கலத்தில் இயங்கும் நீரிறைப்பி பொருத்தியிருந்தால் மகிழ்ச்சி கொள்ளலாம். ஆயினும் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். இறங்கும் ஒவ்வோர் ஆற்றிலும் கரையில் படகைக் கவிழ்த்து நீரைக் கொட்டும் பழக்கம் புதியவருக்குத் தேவையான ஓய்வையும் சேர்த்தே தருகிறது.

தண்ணீரில்

விற்பவர் இசைந்தால், அசையாத நீரில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் முழங்காலிட்டிருக்க, உடன் வந்தவர் கரையிலிருந்து பக்கவாட்டில் பார்த்து அணியமும் அமரமும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று சொல்லட்டும். அணியம் தாழ்ந்திருந்தால் படகு நேராக ஓடாது, அலையில் மூக்கை நுழைக்கும். சேணத்தைச் சில அங்குலம் பின்னால் நகர்த்தி ஒட்டினால் சரியாகிவிடும் என்பதால் இதற்காகப் படகை விலக்கிவிட வேண்டியதில்லை.

அடுத்து, இடுப்பால் படகை ஒரு பக்கமாகச் சாய்த்து, விளிம்பு நீரை நெருங்கும்வரை கொண்டுபோங்கள். சில படகுகள் நிமிர்ந்திருக்கும்போது பலகைபோல் உறுதியாக இருக்கும், ஆனால் சாயத் தொடங்கியதும் எங்கும் நிற்காமல் புரளும். வேறு சில முதலில் தள்ளாடினாலும், சாய்ந்த பிறகு ஓரிடத்தில் தோள் கொடுத்ததுபோல் நின்றுவிடும். ஆற்றில் காப்பாற்றுவது இந்த இரண்டாவது வகை உறுதிதான். அசையாத நீரில் முதல் நிமிடம் தள்ளாடுகிறது என்பதற்காக ஒரு படகை வெறுத்துவிடாதீர்கள்.

பின்பு நேராகப் பத்து இழுப்பு, நிறுத்தம், இரு பக்கமும் முழுத் திருப்பம். இறுதியாக, பைகளோடு படகில் பாதிவரை நீரை விட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். ஆற்றில் பல நேரம் படகு இந்த நிலையில்தான் இருக்கும்; அப்போதும் ஓரளவு உங்கள் சொல் கேட்கும் படகே உங்களுக்கான படகு. கரைக்கு வந்ததும் நீங்களே தூக்கித் தோளில் வைத்துச் சற்றுத் தொலைவு நடந்து பாருங்கள். உள்ளமைப்போடு 25 முதல் 30 கிலோ வரை இருக்கும். இந்த நடையை யாரும் விளம்பரத்தில் குறிப்பிடுவதில்லை.

விற்பவரிடம்

ஏன் விற்கிறீர்கள், எங்கே வைத்திருந்தீர்கள், பாறையில் மடங்கியிருக்கிறதா, எங்கெங்கே ஒட்டுப்போட்டீர்கள், சேணத்தை யார் உயரத்துக்கு அமைத்தீர்கள் ஆகிய ஐந்து கேள்விகள் போதும். பதில்களைவிட, பதில் சொல்ல அவர் படகின் எந்தப் பகுதியைத் தொட்டுக் காட்டுகிறார் என்பது அதிகம் சொல்லும். தம் உயரத்தையும் எடையையும் தயங்காமல் சொல்லி, உங்களுடையதைக் கேட்டு, இது உங்களுக்குச் சின்னது என்று சொல்லும் விற்பவரும் இருக்கிறார். அவரிடம் வேறு படகு எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படகின் வயதை விற்பவர் நினைவை நம்பித் தீர்மானிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் விற்பனைக்காகச் செய்யப்பட்ட படகுகளில் அமரத்தின் வலப்புறம், விளிம்புக்கு அருகே, 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி பதிக்கப்பட்டிருக்கும். 1984 ஆகஸ்டு முதல் நடப்பிலுள்ள முறைப்படி அதன் கடைசி இரண்டு எண்கள் மாதிரி ஆண்டை, அதாவது படகு எந்த ஆண்டின் மாடல் என்பதைக் குறிக்கும். அந்தக் குறி சுரண்டப்பட்டிருந்தால் படகு எப்படி அவர் கைக்கு வந்தது என்று கேட்பதில் தவறில்லை.

பேரம் பேசும்போது பொதுவாக விலை அதிகம் என்று சொல்வதைவிட, பார்த்துக் குறித்துவைத்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்வது இருவருக்கும் மரியாதை. முன்முனையில் ஒட்டு, இரண்டு வளையங்கள், ஒரு காற்றுப்பை என்று பட்டியலிட்டால் அவரே ஒரு தொகையைக் குறைப்பார். கீறல்களைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

படகை வண்டியின் கூரையில் கவிழ்த்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவரும்போது, காற்றுப்பைகளில் கால் பங்குக் காற்றை வெளியேற்றிவிடுங்கள். வெயிலில் காற்று விரிந்து, முந்திய இரவெல்லாம் தளராமல் நின்ற பை வழியிலேயே தையல் விட்டுப்போன கதைகள் நிறைய உண்டு.